காசு நீங்க கட்டியிருக்கலாம், ஆனா கையெழுத்து யாருது?



ஓ.எம்.ஆர். பக்கம் மூணு பேர் சேர்ந்து ஒரு டூ பெட்ரூம் வீடு எடுக்கிறாங்கனு வெச்சுக்குவோம். அட்வான்ஸ் 90,000 ரூபாய், ஆளுக்கு 30,000. ரெண்டு பேர் தங்கள் பங்கை மூணாவது நண்பருக்கு யு.பி.ஐ.யில் அனுப்ப, அவர் மொத்தமா ஓனருக்கு அனுப்பறார். ரென்டல் அக்ரிமென்ட்டிலும் அவர் பேர் மட்டும்தான். ஆறு மாசம் கழிச்சு அவருக்கு பெங்களூரில் வேலை கிடைக்குது. ஓனரிடம் கணக்கை முடிச்சு, அட்வான்ஸை வாங்கிட்டுக் கிளம்பிடறார். மிச்சம் இருக்கிற ரெண்டு பேரும் ஓனரிடம் போய், "எங்க 60,000 என்ன ஆச்சு சார்?"னு கேட்கிறாங்க.

"அதை உங்க ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க தம்பி. நான் அக்ரிமென்ட் போட்டது அவரோட, எனக்குப் பணம் அனுப்பினதும் அவர்தான்."

கேட்க எரிச்சலா இருக்கும். ஆனா சட்டப்படி பார்த்தா, ஓனர் சொல்றதுதான் சரி.

இதுக்குப் பின்னாடி இருக்கிற விதிக்குப் பேர் 'பிரிவிட்டி ஆஃப் கான்ட்ராக்ட்'. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். உங்க ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ், சம்பளத்தில் பிடிக்கிற பிரீமியம், நாமினி, நண்பனுக்காக எடுத்த லோன்னு எல்லாத்துக்குள்ளயும் இந்த ஒரு விதி உட்கார்ந்திருக்கு. வீடியோவில் வேகமா கடந்து போன கேஸ் விவரங்களையும் சேர்த்து இங்கே நிதானமா பார்ப்போம்.

சட்டம் கேட்கிற முதல் கேள்வி

சிம்பிளா சொல்லணும்னா, ஒரு ஒப்பந்தம் அதில் சேர்ந்தவங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அவங்க மட்டும்தான் அதை வெச்சு கேஸ் போட முடியும். வெளியில் நிற்கிறவர் மூன்றாம் நபர். அந்த ஒப்பந்தத்தால் அவருக்கு லாபம் வரலாம், அவர் காசே அதுக்குள்ள போயிருக்கலாம். இருந்தாலும் கோர்ட் முதலில் கேட்கிற கேள்வி "யார் யாருக்கு வாக்கு கொடுத்தாங்க?"ங்கிறதுதான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தத்தில் இல்லாதவர் தலையில் அதோட சுமையையும் ஏத்த முடியாது. இது எங்கே நம்மளை மாட்டிவிடும்னு பின்னாடி சொல்றேன்.

ரெண்டு கல்யாணம், ரெண்டு தீர்ப்பு

இந்த விதி எவ்வளவு கறாரானதுனு தெரிஞ்சுக்க 1861-ல் இங்கிலாந்தில் வந்த டுவெடில் – அட்கின்சன் வழக்கைப் பார்க்கலாம். ஒரு பையனுக்கும் பொண்ணுக்கும் கல்யாணம் ஆச்சு. சம்பந்திகள் ரெண்டு பேரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாங்க. பொண்ணோட அப்பா 200 பவுண்டு, பையனோட அப்பா 100 பவுண்டு, ரெண்டும் பையனுக்குக் கொடுக்கணும். பணம் வராட்டி பையனே கேஸ் போடலாம்னும் அதிலேயே எழுதியிருந்தாங்க. மாமனார் பணம் கொடுக்காமலே இறந்துட்டார். அவர் சொத்தை நிர்வகிச்சவர் மேல பையன் கேஸ் போட்டார், தோத்துட்டார். ஒப்பந்தம் அப்பாக்களுக்கு நடுவில் போட்டது, நீ அதில் இல்லை, உன் தரப்பில் நீ எதுவும் கொடுக்கவும் இல்லைனு கோர்ட் சொல்லிடுச்சு.

அதே மாதிரி ஒரு விஷயம் இந்தியாவில் வந்தப்போ தீர்ப்பு வேற மாதிரி போச்சு. 1877-ல் ஒரு கல்யாணம். பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேருமே மைனர். மருமகளோட வெற்றிலைச் செலவுக்குனு மாசம் 500 ரூபாய் கொடுப்பேன்னு மாமனார் பொண்ணோட அப்பாகிட்ட எழுதிக் கொடுத்தார். அதுக்குக் குறிப்பிட்ட சொத்தையும் பொறுப்பாக்கினார். பல வருஷம் கழிச்சு மருமகள் கேஸ் போட்டப்போ, "அவங்க ஒப்பந்தத்திலேயே இல்லையே"னு வாதம் வந்துச்சு. 1910-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏத்துக்கலை. பெத்தவங்க ஒப்பந்தம் போட்டு மைனர் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற சமூகத்தில் இங்கிலாந்து விதியை அப்படியே போட்டா பெரிய அநியாயம் நடக்கும்னு சொல்லி, மருமகள் பக்கம் தீர்ப்பு கொடுத்தாங்க. இதுதான் ஹுசைனி பேகம் வழக்கு.

ஆக, இந்தியாவிலும் அடிப்படை விதி அதேதான். எம்.சி. சாக்கோ – ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் வழக்கில் 1969-ல் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செஞ்சது. ஆனா விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்காக டிரஸ்ட் மாதிரி ஏற்பாடு இருந்தா, குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் நடந்திருந்தா, வாக்கு கொடுத்தவரே "ஆமா, உனக்குத் தரணும்"னு உங்ககிட்ட ஒத்துக்கிட்டிருந்தா, ஒருத்தர் உங்க ஏஜென்டா ஒப்பந்தம் போட்டிருந்தா, இல்லைன்னா ஒரு சட்டமே உங்களுக்கு நேரடி உரிமை கொடுத்திருந்தா நீங்க கேட்கலாம். இங்கிலாந்து 1999-ல் மூன்றாம் நபர் உரிமைக்குனு தனிச் சட்டமே போட்டுடுச்சு. நம்ம நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. அதனால ஒவ்வொரு இடத்திலும் பாலம் இருக்கா, இல்லையானு நாமதான் பார்த்துக்கணும்.

சென்னையில் வந்த 653 ரூபாய் கேஸ்

சட்டம் படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சின்னய்யா – ராமய்யா வழக்கு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வந்தது, வருஷம் 1882. ஒரு அம்மா தன் நிலத்தை மகளுக்கு தானமா எழுதிக் கொடுத்தாங்க. ஒரே நிபந்தனை, தன் கூடப்பிறந்தவருக்கு வருஷா வருஷம் 653 ரூபாய் கொடுக்கணும். மகளும் அன்னிக்கே, அந்தப் பணத்தைத் தர்றேன்னு அந்த உறவினருக்கே தனியா எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் பணம் கொடுக்கலை. "நிலம் கொடுத்தது அம்மா, நீங்க எனக்கு எதுவும் கொடுக்கலையே"னு வாதாடினாங்க. கோர்ட் ஏத்துக்கலை. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பிரதிபலனை வேற ஒருத்தர் கொடுத்திருந்தாலும் செல்லும்னு தீர்ப்பு வந்தது.

இந்தக் கேஸில் இருந்து நமக்கு வேண்டியது ஒரு வரிதான். இந்தியாவில் காசு யார் கொடுத்தாலும் பரவாயில்லை, ஆனா வாக்கு உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கணும். அந்த உறவினரைக் காப்பாத்தினது அவர் பேருக்குத் தனியா வாங்கின அந்த ஒரு பேப்பர். அட்வான்ஸ் கதையில் நடந்தது இதுக்கு நேர் எதிர். காசு இருந்தது, வாக்கு மட்டும் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு.

பாலம் இருக்கிற இடங்கள்

*1. உங்க பைக் இன்சூரன்ஸ்*

தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்னு தினமும் சொல்றோம். அந்த தர்ட் பார்ட்டி யார்? முதல் ஆள் நீங்க, ரெண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி, மூணாவது ரோட்டில் உங்க வண்டி மோதி அடிபட்டவர். அவர் உங்க பாலிசியைப் பார்த்தது கூட கிடையாது. ஆனாலும் நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் தொகையைச் சொன்னதும் அதைக் கம்பெனி கட்டணும், ஏன்னா 1988 மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பாலத்தைப் போட்டு வெச்சிருக்கு. பாலிசி நிபந்தனையை நீங்க மீறியிருந்தா, சில கேஸ்களில் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துட்டு அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணச் சொல்லி உத்தரவு வரும். அதனால லைசன்ஸ் இல்லாத தம்பிக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

*2. ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ்*

குரூப் பாலிசி உங்க கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் போட்ட ஒப்பந்தம். நீங்களும் உங்க அப்பா அம்மாவும் அதில் பயனாளிகள். க்ளெய்ம் மறுத்தா, "ஒப்பந்தம் உங்களோட இல்லையே"னு சொல்ல முடியுமா?

2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன கனரா பேங்க் – யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தீர்ப்பு இங்கே உதவும். கர்நாடகாவில் விவசாயிகள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் விளைபொருளை வெச்சு, அதன் பேரில் கடன் வாங்கியிருந்தாங்க. 2014 ஜனவரியில் கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சுடுச்சு. இன்சூரன்ஸ் எடுத்தது கிடங்கு, விவசாயிகள் இல்லை. உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாதுனு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிப் பார்த்தது. சுப்ரீம் கோர்ட் விடலை. ஒரு சேவையின் பயனாளியும் நுகர்வோர்தான், அதனால விவசாயிகள் புகார் கொடுக்கலாம்னு சொல்லிடுச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பயனாளிகளைச் சேர்த்த அதே வரையறை இருக்கு.

ஆக, குரூப் பாலிசி க்ளெய்ம் மறுக்கப்பட்டா நீங்க கையறு நிலையில் இல்லை. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்க. மறுத்தாலோ, ஒரு மாசத்தில் பதில் வரலைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாலத்தோட சாவி கம்பெனி கையில். நிபந்தனைகளை மாத்தறது, அடுத்த வருஷம் பெத்தவங்களைக் கவரில் இருந்து எடுக்கறது எல்லாம் அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றது. உங்க சம்மதம் கேட்க மாட்டாங்க. வேலையை விட்டா கவரும் போச்சு. அதனாலதான் உங்க பேரில் சொந்தமா ஒரு பாலிசி எடுங்கனு திரும்பத் திரும்பச் சொல்றோம். அதில் நீங்க முதல் நபர்.

*3. சம்பளத்தில் பிடிக்கிற எல்.ஐ.சி. பிரீமியம்*

சேலரி சேவிங் ஸ்கீமில் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிச்சு கம்பெனியே எல்.ஐ.சி.க்கு அனுப்பும். பிடிச்ச பணத்தை அனுப்பலைன்னா?

இது டெல்லி மின்சார நிறுவன ஊழியர் ஒருத்தர் விஷயத்தில் நிஜமாவே நடந்தது. நிறுவனம் பிரீமியத்தை எல்.ஐ.சி.க்கு அனுப்பலை, ஊழியர் இறந்துட்டார். பிரீமியம் வரலை, பாலிசி காலாவதினு எல்.ஐ.சி. கைவிரிச்சது. பசந்தி தேவி வழக்குனு பேர் பெற்ற இதில் 1999-ல் சுப்ரீம் கோர்ட், பிரீமியத்தை வசூல் பண்ற வேலையில் அந்த நிறுவனம் எல்.ஐ.சி.யின் ஏஜென்ட் மாதிரிதான், அதனால எல்.ஐ.சி. பொறுப்பேத்துப் பணம் தரணும்னு சொன்னது. இங்கே பாலமா நின்னது ஏஜென்சி.

ஜெயிச்சாங்க, ஆனா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. உங்க குடும்பம் அந்த அலைச்சல் படக் கூடாதுன்னா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாலிசி ஸ்டேட்டஸைப் பாருங்க. பி.எஃப். பாஸ்புக்குக்கும் இதே பழக்கம்தான். பே ஸ்லிப்பில் 'டிடக்ஷன்'னு வந்துட்டா பணம் போய்ச் சேர்ந்துடுச்சுனு அர்த்தம் இல்லை.

*4. தர்ட் பார்ட்டி பேரோல்*

வேலை ஒரு கம்பெனிக்கு, சம்பளம் வேற ஏஜென்சியில் இருந்து. ஏஜென்சி சம்பளம் தரலைன்னா? 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினா முதன்மை நிறுவனம் தரணும்னு வெச்சது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கருத்து தொடருது. ஆனா உங்க பதவி, சம்பளம், வேலை முறையைப் பொறுத்து இது பொருந்தாமலும் போகலாம். ஏஜென்சி கொடுத்த ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், எந்த இடத்தில் வேலை பார்த்தீங்கங்கிற அட்டெண்டன்ஸ் ஆதாரம் மூணையும் பத்திரமா வையுங்க.

பாதிப் பாலம்: நாமினி

இன்சூரன்ஸ் ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பெனிக்கும். நாமினி அதில் மூன்றாம் நபர்தான். நாமினிக்கே பணம் சொந்தமானு கேட்டா, 1984-ல் பதிவான சர்பதி தேவி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் இல்லைன்னு சொல்லிடுச்சு. நாமினி பணத்தை வாங்கிக்கிற கை மட்டும்தான், பணம் வாரிசுகளுக்குப் போய்ச் சேரணும்.

2015-ல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினாங்க. அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், இவங்களில் யாரை நாமினியா போட்டாலும் பணத்தில் பயனுரிமை அவங்களுக்குத்தான்னு வந்தது. ஆனா இது வாரிசுச் சட்டத்தை மீறி நிற்குமாங்கிறதில் எல்லா கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லலை. ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நாமினி ஆனதால மட்டும் வாரிசுகளை மீறி உரிமையாளர் ஆகிட முடியாதுனு தெளிவாச் சொல்லியிருக்கு.

முழுப் பாலம் வேணும்னா கல்யாணமான ஆண்களுக்கு ஒரு பழைய சட்டம் இருக்கு. 1874-ல் வந்த மேரீட் விமன்ஸ் பிராபர்ட்டி ஆக்ட், சுருக்கமா எம்.டபிள்யூ.பி. ஆக்ட். டேர்ம் பாலிசி எடுக்கும்போதே இந்தச் சட்டத்தின் கீழ்னு குறிப்பிட்டு மனைவி, பிள்ளைகள் பேரைப் போட்டா, அந்தப் பாலிசி அவங்களுக்கான டிரஸ்ட் ஆகிடும். உங்க கடன்காரங்க பொதுவா அதில் கை வைக்க முடியாது, உங்க எஸ்டேட்டிலும் அது சேராது. ஹோம் லோன், பிசினஸ் கடன் இருக்கிறவங்க கட்டாயம் யோசிக்கணும். ரெண்டு விஷயம் ஞாபகம் வையுங்க. பாலிசி எடுக்கும்போதே இதைச் செய்யணும். அப்புறம் மனசு மாறினா உங்க இஷ்டத்துக்குப் பேரை மாத்த முடியாது. அப்பா அம்மாவை இதில் பயனாளியா போட முடியாது, அவங்களுக்கு வேற பாலிசி பாருங்க.

பாலமே இல்லாத இடங்கள்

*ரூம்மேட் அட்வான்ஸ்.* இங்கே உங்களுக்கும் ஓனருக்கும் நடுவில் எதுவும் இல்லை. உங்க கேள்வி எல்லாம் அட்வான்ஸை வாங்கிட்டுப் போன நண்பர் மேலதான். இதைச் சரி பண்றது ரொம்ப ஈஸி. அக்ரிமென்ட்டில் எல்லார் பேரையும் வாடகைதாரரா சேர்க்கச் சொல்லுங்க. தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவும் பண்ணணும். ஓனர் ஒரே பேர்தான்னு அடம் பிடிச்சா, உங்க பங்கை நேரா ஓனர் அக்கவுன்ட்டுக்கே அனுப்புங்க. "அட்வான்ஸில் இவர் பங்கு 30,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், காலி செய்யும்போது இவரிடமே தருவேன்"னு ஒரு லெட்டர், குறைஞ்சபட்சம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வாங்குங்க. 653 ரூபாய் கேஸில் காப்பாத்தின பேப்பரும் இந்த மாதிரி ஒண்ணுதான்.

*நண்பனுக்காக எடுத்த லோன்.* "உன் சிபில் ஸ்கோர் நல்லா இருக்குடா, உன் பேர்ல எடு, இ.எம்.ஐ. நான் கட்டிடறேன்." விதியோட இன்னொரு பக்கம் இங்கேதான் வேலை செய்யும். லோன் ஒப்பந்தம் உங்களுக்கும் பேங்க்குக்கும். நண்பர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு பேங்க்கை ஒண்ணும் செய்யாது. அவர் நிறுத்தினா ஃபோன் உங்களுக்குத்தான் வரும், ஸ்கோரும் உங்களுக்குத்தான் விழும். தவிர்க்கவே முடியலைன்னா, லோனை அவர் பேரில் எடுக்கச் சொல்லுங்க. அப்பவும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீங்க. ஜாமீன்தாரர் மூன்றாம் நபர் கிடையாது, கையெழுத்துப் போட்ட நிமிஷமே கடனாளிக்குச் சமமான பொறுப்பு உங்களுக்கும் வந்துடும்.

இந்த வாரமே செய்ய வேண்டிய 6 வேலைகள்

1. ரென்டல் அக்ரிமென்ட்டை எடுத்து உங்க பேர் இருக்கானு பாருங்க.
2. எச்.ஆரிடம் குரூப் பாலிசியின் நகல் அல்லது சர்டிஃபிகேட்டை மெயிலில் கேளுங்க. அப்பா அம்மா பேர், வயசு சரியா இருக்கானு பாருங்க.
3. சம்பளத்தில் பிடிக்கிற ஒவ்வொரு தொகையும் போய்ச் சேர்ந்திருக்கானு அந்தந்த போர்ட்டலில் சரிபாருங்க.
4. எல்லா அக்கவுன்ட்டிலும் நாமினியைப் பாருங்க. கல்யாணம் ஆனவங்க பி.எஃப். நாமினேஷனைப் புதுசா போடுங்க.
5. நாமினியும் வாரிசும் வேற வேற ஆளா இருந்தா ஒரு உயில் எழுதிடுங்க.
6. அடுத்தவருக்காக உங்க பேரில் ஓடுற இ.எம்.ஐ. எதுவும் இருந்தா, அவர்கிட்ட இன்னிக்கே எழுத்தில் வாங்குங்க. அது பேங்க்கிடம் செல்லாது, ஆனா அவர் மேல கேஸ் போட உதவும்.

பெரும்பாலும் நாம பேப்பர் கேட்காம விடறதுக்குக் காரணம் கூச்சம்தான். "ஃப்ரெண்டு என்ன நினைப்பான், ஓனர் என்ன நினைப்பார்." ஆனா பேர் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறதால நட்பு கெடாது. பணம் கைக்கு வராம போறப்பதான் நட்பு கெடும்.

இது பொதுவான தகவல்தான், சட்ட ஆலோசனை இல்லை. பெரிய தொகை மாட்டியிருந்தா உங்க டாக்குமென்ட்டோட ஒரு வக்கீலைப் பாருங்க. ரூம்மேட்ஸ் குரூப்பில் இந்தக் கட்டுரையை ஷேர் பண்ணுங்க, அப்படியே அக்ரிமென்ட் யார் பேரில் இருக்குனும் கேட்டுடுங்க. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.